ஹார்லோ அணியின் முப்பத்தேழாவது தோல்வி

ஜெய்த்தூன் பீவி கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் அதில் எண்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பாள். ரயில் நேரம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு, பெரியாறு அணையின் நீர்மட்டம், எதுவானாலும் சரி. அவளுடைய வேலை அந்தக் காகிதத்தை மடித்து, மைதாப் பசை தடவி, பையாக ஒட்டுவது. ஆனால் எண்கள் நிறைந்த தாளாக இருந்தால் மடிக்க மாட்டாள். ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்பாள்.

"மதினி, பசை காயுது" என்பாள் எதிரில் உட்கார்ந்திருக்கும் சாபிரா.

"இரு சாபிரா, இதுல ஏதோ இடிக்குது."

சாபிரா அவள் கணவன் உசேனின் தங்கை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உசேனுக்குப் பழைய பேப்பர் கடை இருந்தது. சைக்கிளில் சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று சுற்றிப் பழைய தாள்களை எடைக்கு வாங்கி வருவான். பெரிய தாள்கள் பெரிய பைகளாகும். புத்தகத் தாள்கள் கடுகு, சீரகம் போடும் சின்னப் பைகளாகும். ஊரில் பாதி மளிகைக் கடைகளுக்கு இந்த இரண்டு பெண்கள் ஒட்டிய பைகள்தான் போயின.

ஜெய்த்தூன் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் நூற்றுக்கு நூறு. எட்டோடு நிறுத்தி, இரண்டு வருடம் கழித்து அத்தை மகன் உசேனுக்குக் கட்டிவைத்தார்கள். அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதாக யாரும் பார்த்ததில்லை. கணக்கு பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

1972 ஜூன் மாதம், பெரியகுளம் பக்கம் ஒரு பழைய மிஷன் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உசேன் போனான். அமெரிக்கத் துரைமார்கள் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருந்த வீடு. இரண்டு சாக்கு நிறையப் புத்தகங்கள் வந்தன. பெரும்பாலும் கரையான் தின்றவை. அவற்றில் அட்டை போன ஒரு தடித்த சிறிய புத்தகம் இருந்தது. அதன் கடைசிப் பகுதி முழுக்க அட்டவணைகள்.

சாபிரா நடுவிலிருந்து பாதிப் புத்தகத்தைப் பையாக்கி அனுப்பிய பிறகுதான் ஜெய்த்தூன் அதைப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் இருபத்தாறு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண்கள். முதல் வரியில் 21, 8, கடைசியில் ஒரு புள்ளி வைத்து 724. இரண்டாவது வரியில் 23, 9, புள்ளி 719.

முதல் இரண்டு எண்களிலிருந்துதான் மூன்றாவது வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. எப்படி வருகிறது? இருபத்தொன்றை எட்டால் வகுத்தாள். வரவில்லை. எட்டை இருபத்தொன்றால் வகுத்தாள். அதுவும் இல்லை. அன்று மாலை வரை அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நின்றபோது திடீரென்று கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் எழுதினாள். இருபத்தொன்றையும் எட்டையும் கூட்டினால் இருபத்தொன்பது. இருபத்தொன்றை இருபத்தொன்பதால் வகுத்தால் புள்ளி ஏழு இரண்டு நான்கு.

"வந்துருச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் உசேன் வாசலிலிருந்து ஓடி வந்தான்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல மச்சான். விடை வந்துருச்சு."

அடுத்த வரி: இருபத்து மூன்றும் ஒன்பதும் முப்பத்திரண்டு. வகுத்தால் புள்ளி 719. சரியாக இருந்தது. இருபத்தாறு வரியையும் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. என்ன கணக்கு என்று தெரிந்துவிட்டது. எதைப் பற்றிய கணக்கு என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார். தபால் நிலைய அதிகாரி ஞானசிகாமணி. தேனி அல்லிநகரத்துக்காரர். ஐம்பது வயதை நெருங்கியவர். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் முத்திரை குத்தும் மேஜைக்கு அடியில் டிரான்சிஸ்டரை வைத்திருப்பார் என்று ஊருக்கே தெரியும். மறுநாள் மத்தியானம், கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜெய்த்தூனும் சாபிராவும் புத்தகத்தோடு போய் நின்றார்கள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்பை வாசித்தார். "பிட்சர்ஸ்" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஆங்கில அகராதியை எடுத்துப் புரட்டினார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"பிட்சர்னா குடம், கூஜான்னு போட்டிருக்கும்மா."

"கூஜாவா?"

"ஆமா. இந்தக் கட்டத்துல ஜெயிச்சதுன்னு இருக்கு. இதுல தோத்ததுன்னு இருக்கு. இருபத்தாறு கூஜா. இந்தக் கூஜா இருபத்தோரு தடவ ஜெயிச்சு எட்டுத் தடவ தோத்திருக்கு."

சாபிரா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஞானசிகாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மூன்று நாள் கழித்து அவரே உசேன் கடைக்கு வந்தார். புத்தகத்தின் முன்பகுதியில் விதிகள் இருந்தனவாம், அதைப் படித்துவிட்டாராம். பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். பிட்சர் என்பவர் பந்து எறிகிறவர். இது 1886-ஆம் வருடம் ஆறு சின்ன ஊர்கள் சேர்ந்து நடத்திய லீக்கின் கணக்கு.

"நம்ம கிரிக்கெட்டுல பந்து போடுறவன் எத்தனை விக்கெட் எடுத்தான்னுதான் பாப்பாக. ஜெயிச்சது தோத்ததெல்லாம் டீமுக்குத்தான். இங்கன அப்படி இல்ல. ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஜெயிச்ச பக்கத்துல எறிஞ்ச ஒருத்தன் பேருல ஒரு வெற்றி. தோத்த பக்கத்துல எறிஞ்ச ஒருத்தன் பேருல ஒரு தோல்வி. அடிக்குறிப்புல தெளிவா எழுதியிருக்கான். ஆயிரத்துக்கு எத்தனை ஜெயிச்சான்னு கணக்குப் போட்டு, யாருது அதிகமோ அவன்தான் முதல்."

ஜெய்த்தூன் கடைக்கு உள்ளே, தாள் அடுக்குகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தன் தோத்தாகணும். அப்படித்தான சார்?"

"ஆமா."

"எல்லா வெற்றியையும் கூட்டுனா எவ்வளவு வருதோ, எல்லாத் தோல்வியையும் கூட்டுனாலும் அதான வரணும்?"

"வரணும்."

"வரலையே சார். ஜெயிச்சது இருநூத்தி நாப்பது. தோத்தது இருநூத்தி முப்பத்தொம்பது."

ஞானசிகாமணி அங்கேயே ஒரு தாள் கட்டின் மேல் உட்கார்ந்து கூட்டினார். கீழிருந்து மேலாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை, ஊர் வாரியாகப் பிரித்து ஒரு முறை. அவள் சொன்னது சரிதான். ஒரு தோல்வியைக் காணோம்.

அச்சில் வந்தது தவறாக இருக்காது என்று உசேன் சொன்னான். ஜெய்த்தூன் அவனைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டான்.

எந்த ஊர் அணியின் தோல்வி காணவில்லை என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு அணியும் மொத்தம் எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது என்ற பட்டியல் வேண்டும். அது இதற்கு முந்தின தாளில் இருந்திருக்க வேண்டும். முந்தின தாளோ பையாகிப் போய்விட்டது.

"நான்தான் ஒட்டுனேன்" என்றாள் சாபிரா. "பொன்னுராஜ் கடைக்குப் போன கட்டுல போயிருக்கும்."

பொன்னுராஜ் நாடார் மளிகைக் கடையில் அன்று வேடிக்கையாக இருந்தது. சின்னப் பைகளில் இன்னும் செலவாகாமல் கிடந்த இருநூற்றுச் சொச்சத்தையும் உசேன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பொன்னுராஜ் முதலில் கோபப்பட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் கூடச் சேர்ந்து தேடினார். அதில் இல்லை. அந்தப் பைகளில் கடுகும் வெந்தயமும் வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று யோசித்துப் பெயர் சொன்னார். மூன்று தெருக்களில் ஜெய்த்தூனும் சாபிராவும் படியேறி இறங்கினார்கள். நான்காவது நாள் கோம்பை சாலையில் சங்கிலியம்மாள் வீட்டில் கிடைத்தது. அவள் அதில் கொத்தமல்லி விதை போட்டு அடுப்படி மாடத்தில் வைத்திருந்தாள்.

"அதுல என்ன புதையலா இருக்கு?" என்றாள் சங்கிலியம்மாள்.

"ஒரு ஆளு தோத்துப்போனது இருக்கு அக்கா."

"அதுக்கா இந்த வெயில்ல அலையிறீக?" என்று கேட்டாலும் விதையைத் தட்டில் கொட்டிவிட்டுப் பையைக் கொடுத்தாள். பதிலுக்குப் பத்துப் புதுப் பைகள் வாங்கிக்கொண்டாள்.

பசையில் ஒட்டியிருந்த ஓரத்தைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு நகத்தால் பிரித்தார்கள். ஆறு அணிகள். மொத்தம் இருநூற்று நாற்பது வெற்றி, இருநூற்று நாற்பது தோல்வி. ஐந்து அணிகளுக்கு எல்லாம் பொருந்தியது. ஹார்லோ என்ற ஊரின் அணி முப்பத்தேழு ஆட்டம் தோற்றிருந்தது. ஆனால் ஹார்லோவின் நான்கு எறிவீரர்களின் தோல்விகளைக் கூட்டினால் முப்பத்தாறுதான். எட்டு, பதினான்கு, பத்து, நான்கு.

அந்த எட்டுத் தோல்விக்காரர்தான் பட்டியலில் முதலாவதாக இருந்தவர். டோபியாஸ் கிரேன்.

ஜெய்த்தூன் உடனே போட்டுப் பார்த்தாள். காணாமல் போன தோல்வி கிரேனுடையதாக இருந்தால் இருபத்தொன்றுக்கு ஒன்பது. அப்போது ஆயிரத்துக்கு எழுநூறு. இரண்டாவதாக இருக்கிற வின்ஃபோர்டு ஊர் வில்பர் டன்னுக்கு எழுநூற்றுப் பத்தொன்பது. டன் முதலாவதாகிவிடுவார். எண்பத்தாறு வருடமாக முதலிடத்தில் இருந்த ஆள் கீழே இறங்கிவிடுவார்.

இந்தச் செய்தி கர்ணன் டீக்கடைக்குப் போக ஒரு பகல்கூட ஆகவில்லை. ஞானசிகாமணி அங்கேதான் காலை டீ குடிப்பார். அந்த வாரம் முழுக்க அங்கே வேறு பேச்சில்லை. பேஸ்பாலை ஒருவரும் கண்டதில்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. கிரேன் கட்சி, டன் கட்சி என்று பெஞ்சுகள் பிரிந்தன. ஞானசிகாமணி கிரேன் பக்கம். உசேன் டன் பக்கம்.

"இருவத்தி மூணு ஆட்டம் ஜெயிச்சிருக்கான்ல எங்காளு. உங்காளு இருவத்தொண்ணுதான்" என்றான் உசேன்.

"எத்தனை ஜெயிச்சான்ங்கிறது முக்கியமில்ல தம்பி, எத்தனைக்கு எத்தனைங்கிறதுதான் முக்கியம்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். ஒண்ணை ஒளிச்சு வச்சா எத்தனைக்கு எத்தனைன்னு எப்படிச் சொல்லுவீக?"

கர்ணன் யார் பக்கமும் சேரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் டீ விற்றான்.

யாருடைய தோல்வி என்று புத்தகத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஹார்லோ ஊருக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும் என்றார் ஞானசிகாமணி. யாருக்கு எழுதுவது? அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நூலகம் இருக்கும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். மாகாணத்தின் பெயர் புத்தகத்திலேயே இருந்தது. ஏர் லெட்டரில் அழகான கையெழுத்தில் எழுதினார். முதல் பக்கம் முழுக்கக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையையும் நெல்லையும் முல்லையாற்றையும் வர்ணித்திருந்தார். ஜெய்த்தூன் கேட்டுவிட்டு, "சார், கணக்கு எங்க இருக்கு?" என்றாள். திருப்பி எழுதியபோது வர்ணனை இரண்டு வரியானது. மீதி இடத்தில் அட்டவணை வந்தது. கீழே ஜெய்த்தூன் பீவி என்று அவளே ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அதைப் பெட்டியில் போடவில்லை. ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தாள்.

"என்ன மதினி, மறந்துட்டீகளா?" என்று சாபிரா கேட்டாள்.

"மறக்கல. அந்தக் கிரேன் மவுத்தாகி எத்தனை வருசம் ஆச்சோ. பேரப் பிள்ளைக இருப்பாக. எங்க தாத்தாதான் முதல்னு சொல்லிக்கிட்டு இருப்பாக. நான் இங்கன உக்காந்து பசை தடவிக்கிட்டே அவரைக் கீழ இறக்கவா?"

சாபிரா கையிலிருந்த தாளை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"தோத்ததை எழுதாம விட்டா, அன்னைக்கு ஜெயிச்சவன் யாரை ஜெயிச்சான்? காத்தையா?"

ஜெய்த்தூன் எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தாள்.

அக்டோபரில் பதில் வந்தது. தந்தி வந்ததைப் போல ஞானசிகாமணி தானே எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஹார்லோ நூலகத்தில் வேலை பார்க்கும் மிஸ் லாங்வெல் என்ற பெண் எழுதியிருந்தார். இந்தியாவிலிருந்து தங்கள் நூலகத்துக்கு வரும் முதல் கடிதம் இதுதானாம். அட்டவணையைத் தானும் கூட்டிப் பார்த்ததாகவும், முதலில் நம்பாமல் பக்கத்து வங்கியின் கூட்டல் இயந்திரத்தில் போட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். 1886-ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கள் நிலவறையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன, தினமும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் தேடுகிறேன், பொறுத்திருங்கள் என்று முடித்திருந்தார்.

"நிலவறையில பழைய பேப்பர் கட்டாம்" என்று உசேன் பெருமூச்சு விட்டான். "எடைக்குப் போடுவாகளான்னு கேளுங்க சார்."

டீக்கடையில் பதற்றம் கூடியது. முப்பத்தேழு தோல்விகளையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டுமே, எத்தனை நாள் ஆகும்? ஜெய்த்தூன் மட்டும் பதற்றப்படவில்லை. தேடுகிறவள் கணக்கை மதிக்கிறவள் என்று அந்தக் கூட்டல் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டபோதே அவளுக்கு நிம்மதியாகிவிட்டது.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. உசேன் கடை முன்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள். கர்ணன் டீக்கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான். ஞானசிகாமணி முதலில் மனதுக்குள் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் புருவம் மேலே ஏறியது.

"சார், கிரேனா டன்னா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான் உசேன்.

"கிரேனுக்கு எட்டுத் தோல்விதான். அவர்தான் முதல்."

ஒரு பக்கம் கைதட்டினார்கள். ஜெய்த்தூன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்ப யாருது சார்?" என்றாள். "மத்த மூணு பேருல யாரு?"

"மூணு பேருலயும் இல்ல. அஞ்சாவதா ஒரு ஆள் இருந்திருக்காரு."

ஞானசிகாமணி தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினார்.

1886 ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஹார்லோ அணிக்கு விருந்து வைத்திருந்தார். மீன் கெட்டுப்போயிருந்தது. அணியில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். நான்கு எறிவீரர்களும் அந்தப் பாதியில் இருந்தார்கள். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம். எதிர் அணி வந்து நிற்கிறது. பார்க்க வந்த கூட்டம் சத்தம் போடுகிறது. அப்போது மைதானத்துக்கு ஐஸ் கட்டி போடுவதற்காக வண்டியில் வந்திருந்தார் ஹென்றி போல்ட்ஸ். வண்டியில் இருந்தபடியே ஐஸ் கட்டிகளைக் குறி தவறாமல் தொட்டிக்குள் வீசுவார் என்று ஊரில் அவருக்குப் பெயர். வேறு வழியில்லாமல் அவரைப் பிடித்து எறிய வைத்தார்கள். முழு ஆட்டமும் எறிந்தார். பதினேழுக்கு நான்கு என்று தோற்றார். "போல்ட்ஸின் கை களைத்தது, முகம் களைக்கவில்லை" என்று அன்றைய செய்தித்தாள் எழுதியிருந்தது. மறுநாள் அவர் ஐஸ் போடப் போய்விட்டார். சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளாதலால், வருடக் கடைசியில் புத்தகம் தயாரித்தவர்கள் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய பெயரோடு அந்தத் தோல்வியும் போய்விட்டது.

"ஒண்ணு ஆடி ஒண்ணு தோத்திருக்காரு" என்றாள் ஜெய்த்தூன். "ஆயிரத்துக்குச் சுழி."

"இன்னும் இருக்கும்மா. இதைக் கேளு."

போல்ட்ஸின் மகள் மின்னி உயிரோடு இருக்கிறார். வயது எண்பத்தொன்று. நூலகத்திலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு. போல்ட்ஸ் தன் வாழ்நாள் முழுக்க, வீட்டுக்கு யார் வந்தாலும், நான் ஒரு நாள் ஹார்லோவுக்கு எறிந்தேன் என்று சொல்வாராம். அவருடைய பிள்ளைகளே நம்பவில்லை. புத்தகத்தில் உங்கள் பெயர் இல்லையே அப்பா என்று கிண்டல் செய்வார்களாம். அவர் இறந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. மிஸ் லாங்வெல் செய்தித்தாளின் நகலை எடுத்துக்கொண்டு மின்னியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். கிழவி அதை மூன்று முறை வாசித்துவிட்டு எழுந்து, தன் தம்பிக்குத் தொலைபேசி போட்டு, "அப்பா தோற்றிருக்கிறார்! நிஜமாகவே தோற்றிருக்கிறார்!" என்று கத்தியிருக்கிறார்.

உறைக்குள் மின்னியின் கடிதமும் இருந்தது. நடுங்கும் எழுத்தில் நான்கே வரி. அதையும் ஞானசிகாமணி வாசித்தார். "அன்புள்ள அம்மையாருக்கு. என் அப்பா தோற்றுப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. உங்கள் ஊரை வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் தினமும் அந்தப் பக்கம் பார்த்து நன்றி சொல்லிக்கொள்கிறேன்."

சங்கிலியம்மாள் கூட்டத்தின் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொத்தமல்லி விதை போட்டிருந்த பையில் இவ்வளவு இருந்ததா என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். டன் தோற்றதை உசேன்கூட மறந்துவிட்டான். கர்ணன் எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னான். அவன் கையால் ஓசி டீ குடித்தது உத்தமபாளையத்தில் அதற்கு முன்னும் பின்னும் இல்லை என்பார்கள்.

ஜெய்த்தூன் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். இருபத்தாறாவது பெயருக்குக் கீழே, அச்சு எழுத்தைப் போலவே சின்னதாக, ஞானசிகாமணி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஹென்றி போல்ட்ஸ், ஹார்லோ என்று பேனாவால் எழுதினாள். பூஜ்யம், ஒன்று, கடைசியில் ஒரு புள்ளி வைத்து மூன்று பூஜ்யங்கள். அடியில் கூட்டல் கோடு போட்டாள். இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பது.

ஏப்ரலில் சிறிய பார்சல் ஒன்று வந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டியிருந்தார்கள். உள்ளே வெள்ளைத் தோலில் சிவப்பு நூல் தைத்த பந்து. மின்னி அனுப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுராஜின் தென்னந்தோப்பில் உத்தமபாளையத்தின் முதல் பேஸ்பால் ஆட்டம் நடந்தது. ஆட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஞானசிகாமணி இரவல் வாங்கிய கிரிக்கெட் மட்டையைத் தோளில் உயர்த்திக்கொண்டு, விதிப் புத்தகத்தில் பார்த்தபடி முழங்காலை மடக்கி நின்றார். அவருக்குப் பின்னால் உசேன் துண்டை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். ஜெய்த்தூன் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பாத்துப் போடும்மா, நான் பென்சன் வாங்கணும்" என்றார் ஞானசிகாமணி.

முதல் பந்து ஒரு தென்னை மரத்தில் பட்டது. இரண்டாவது பொன்னுராஜை நோக்கிப் போனது. மூன்றாவது நேராக வந்தது. ஞானசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மட்டை காற்றில் சுற்றியது. பந்து உசேனின் துண்டில் போய் விழுந்தது. "யா அல்லா!" என்று கையை உதறினான். அதற்குப் பிறகு வந்த இரண்டு நேர்ப் பந்துகளும் அப்படியே ஆயின. மூன்று தவறினால் ஆள் அவுட் என்று விதியைக் கேட்டு வைத்திருந்த சாபிரா பெருங்குரலில் அறிவித்தாள். தோப்பே சிரித்தது. ஞானசிகாமணி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இந்த ஆட்டத்தில் அம்பயர் பந்து எறிகிறவரின் நாத்தனாராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்க்க வேண்டும் என்றார்.

அதற்கடுத்த மாதம் மிஸ் லாங்வெல்லிடமிருந்து வந்த கடிதத்தில் பாராட்டு இரண்டே வரி. மீதியெல்லாம் வேலை. 1887-லிருந்து 1891 வரை அந்த லீக் நடந்திருக்கிறது, ஐந்து வருடத்துப் பட்டியல்களும் நகலெடுத்து இத்துடன் இருக்கின்றன, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது கூட்டிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நேரம் கிடைக்கிறதா என்று ஜெய்த்தூன் யோசிக்கவே இல்லை. ஞானசிகாமணிக்கு அந்த வருடமே ஆண்டிபட்டிக்கு மாற்றலானது. அங்கிருந்து மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்த தபால் அதிகாரிக்கு அமெரிக்க உறைகளைக் கண்டு முதலில் சந்தேகம். பிறகு அவரும் டீக்கடையில் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்.

சரிபார்த்த பட்டியல்களை ஹார்லோ நூலகம் 1979-ல் மெலிந்த ஒரு புத்தகமாக அச்சிட்டது. முன்பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஜெய்த்தூன் பீவி, சாபிரா. தன் பெயரும் சேர வேண்டும் என்று சாபிரா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் ஜெய்த்தூன்தான் எழுதச் சொல்லியிருந்தாள். அந்தப் புத்தகத்தில் முதலிடம் மாறியவர்கள் இருவர், புதிதாகப் பெயர் சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஆறு பேர் ஒரே ஆட்டம் ஆடித் தோற்றவர்கள். ஏழாவது ஆள் ஒரே ஆட்டம் ஆடி ஜெயித்தவர். ஆயிரத்துக்கு ஆயிரம். அவரை முதலாவதாகப் போடலாமா, அதற்குக் குறைந்தது இத்தனை ஆட்டம் என்று வைக்க வேண்டுமா என்று மிஸ் லாங்வெல்லுக்கும் ஜெய்த்தூனுக்கும் ஏழெட்டுக் கடிதங்கள் வாக்குவாதம் நடந்தது.

"ஒரே ஒரு தடவ ஜெயிச்சவனை முதல்னா, இருவத்தி மூணு தடவ ஜெயிச்சவன் என்ன செய்வான்?" என்றாள் ஜெய்த்தூன்.

"அதுக்காக அந்தாளு ஜெயிக்கலைன்னு ஆயிருமா?" என்றாள் சாபிரா.

கடைசியில் பத்து ஆட்டம் என்று எல்லை வைத்தார்கள். ஒற்றை ஆட்டக்காரருக்குத் தனிப் பக்கம் கொடுக்க வேண்டும் என்று சாபிரா பிடிவாதம் பிடித்தாள், கொடுத்தார்கள். புத்தகம் வந்த அன்று முதலில் அந்தப் பக்கத்தைத்தான் அவள் பிரித்துப் பார்த்தாள். பிறகு தெருவில் போன எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.